கரடி முடி சொல்லும் சாப்பாட்டுக் கணக்கு



காட்டுக் கரடி என்ன தின்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னாலேயே போய்ப் பார்ப்பது ஆகிற காரியமில்லை. எச்சத்தைக் கிளறிப் பார்க்கலாம். வெகுகாலம் அதைத்தான் செய்தார்கள். ஆனால் எச்சத்தில் மிஞ்சுவது செரிக்காத தோலும் கொட்டையும்தான். திருடித் தின்ற ரொட்டி தடயமே இல்லாமல் உடம்பில் சேர்ந்துவிடும்.

உடம்பில் சேர்ந்தது முடியில் தெரியும். முடி சேகரிக்க, நாலைந்து மரங்களைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒரு முள்கம்பி. நடுவே அழுகிய மீனும் இரத்தமும் ஊற்றிய கட்டைக் குவியல். நாற்றத்தில் மயங்கிக் கம்பிக்கடியில் நுழைகிற கரடி ஒரு கொத்து முடியை விட்டுவிட்டுப் போகும். பாவம், தின்ன அங்கே ஒன்றும் இருக்காது, வாசனை மட்டும்தான்.

அந்த முடியைப் பிசுக்குப் போகக் கழுவி, ஒரு மில்லிகிராம் அளவு நறுக்கி, எரித்து, வருகிற வாயுவில் அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கிறார்கள். கார்பனில் சற்றுக் கனமான வகை ஒன்று உண்டு, கார்பன்-13. நெல்லையும் பெரும்பாலான காட்டுச் செடிகளையும்விட மக்காச்சோளத்திலும் கரும்பிலும் அது கூடுதல். அமெரிக்காவில் கோழிக்கும் மாட்டுக்கும் தீவனம் மக்காச்சோளம். குளிர்பானத்தின் இனிப்பும் அதிலிருந்தே வருகிறது. புலால் சேரச் சேர, நைட்ரஜனின் கனமான வகையான நைட்ரஜன்-15ம் ஏறும். இரண்டுமே உயர்ந்திருந்தால் கரடி நம் சாப்பாட்டில் கைவைத்திருக்கிறது என்று அர்த்தம்.

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஜாக் ஹாப்கின்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதைத்தான் பார்த்தார்கள். புதிய முடியோடு, அருங்காட்சியகங்களில் கிடந்த பழைய கருங்கரடிகளின் முடியையும் எலும்பையும் சோதித்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 1915 முதல் 1919 வரை கரடி உணவில் மனிதச் சாப்பாட்டின் பங்கு சுமார் 13 சதவீதம். பிறகு, பயணிகள் வேடிக்கை பார்ப்பதற்காகப் பூங்கா ஊழியர்களே குப்பை கொட்டிக் கரடிகளை வரவழைத்த காலம் வந்தது, பங்கு இரட்டிப்பானது. குப்பைமேடுகளை மூடியும் குறையவில்லை. 1975க்கும் 1985க்கும் நடுவில் 35 சதவீதம்! கரடி கூடாரத்துக்கும் காருக்கும் மாறிக்கொண்டது. 1998இல் மட்டும் 1,500க்கும் அதிகமான கரடித் தொல்லைச் சம்பவங்கள்.

1999 முதல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலர் ஒதுக்கியது. கரடியால் திறக்க முடியாத இரும்புப் பெட்டிகள் வந்தன, பயணிகளைக் கண்காணித்தார்கள். அதன்பின் எடுத்த முடியில் பங்கு பழைய 13க்கே இறங்கியிருந்தது. அரசாங்கப் பணம் பலித்ததா என்பதற்கு இவ்வளவு நேர்மையான தணிக்கை அறிக்கை கிடைப்பது அபூர்வம் என்பேன்.

அமெரிக்காவின் இன்னொரு தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோனில், ஏரிப் பக்கம் துப்பு கொடுத்தது பாதரசம். ஏரியடி வெந்நீர் ஊற்றுகளிலிருந்து கசியும் பாதரசம், கட்த்ரோட் என்ற உள்ளூர் ட்ரவுட் மீன் வழியாக கிரிஸ்லி கரடியின் முடிக்கு வந்து சேரும். கரடியின் மற்ற இரைகளில் அது இல்லையென்றே சொல்லலாம். யாரோ திருட்டுத்தனமாக விட்ட வேற்று ட்ரவுட் இனம் 1994இல் அங்கே அகப்பட்டது. அது உள்ளூர் மீனைப் பெருமளவு தின்று குறைத்தது. கரடி முடியில் பாதரசம் குறைந்தது. மீன் கிடைக்காத கிரிஸ்லிகள் எல்க் மான் கன்றுகளைக் கூடுதலாகப் பிடிக்கத் தொடங்கின.