கணவர் உத்தியோகமும் மனைவியின் வசிப்புரிமையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். அதற்கு வல்ல பெரியோர்கள் இங்கே வீற்றிருக்கின்றனர். நாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே குமாஸ்தாவாகக் காகிதங்களோடு காலங்கழித்து வருகிறோம். ஆகவே ஒரு காகிதத்தைப் பற்றியே பேசத் துணிந்தோம். கடல் கடந்து பெண் கொடுத்த குடும்பங்கள் நம் காலனியில் சில உண்டு. அவர்களேனும் செவி சாய்ப்பர் என்று நம்புகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை மாலை. குழந்தை இயேசு ஆலயத்திற்கு வந்த கூட்டத்தில் நம் தெருவில் சைக்கிள் நுழையவும் வழியில்லை. அக்கூட்டத்தினூடே நம் தமக்கையார் கண்ணீரோடு வந்து சேர்ந்தார். முந்தானையில் இரண்டு வளையல்கள் முடிந்திருந்தன. “தம்பி, இவற்றை அடகு வைத்துப் பணம் வாங்கிக் கொடு” என்றார்.

அவர் மகளைப் புதுச்சேரி மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை தமிழரே, ஆயினும் பிரெஞ்சுக் குடிமகன். 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, அங்குப் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் ஆறு மாதங்களுக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள உடன்படிக்கை இடமளித்தது. அவ்வாறு எழுதிக்கொடுத்த ஒருவரின் பேரன் இவர். வேலையோ பிரான்சில் அன்று; நெதர்லாந்தில், ராட்டர்டாம் நகரத்து உணவுச்சாலை ஒன்றில், வாரத்திற்கு 24 மணி நேரம்.

மனைவி அங்கே வசிக்க அனுமதி பெற வேண்டுமாயின் உத்தியோகச் சான்று வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கின்றனர். நகரத்துத் தரகர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். பெண் பி.காம். படித்தவள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததன்றி வேறு வேலை பார்த்தவளல்லள். “ஒரு கம்பெனியின் பெயரில் இரண்டாண்டு அனுபவச் சான்று வாங்கித் தருகிறேன், முப்பதாயிரம் ஆகும்” என்றாராம். வளையல்கள் புறப்பட்ட காரணம் இதுவே.

உத்தியோகச் சான்று வேண்டும் என்பது மெய். யாருடைய உத்தியோகம் என்பதிலேதான் தரகர் தவறினார். அல்லது தவறியவர்போல் நடித்தார்.

நமக்கு உடனே நினைவில் வந்தது நம் ரயில்வே பாஸ். நம் இல்லத்தரசி பாஸில் ஊருக்குப் போகிறார். அவருக்கு என்ன உத்தியோகம் என்று எவரும் கேட்பதில்லை. நாம் சர்வீஸில் இருக்கிறோமா, இவர் நம் மனைவிதானா என்னும் இரண்டையே ஆபீசில் பார்க்கின்றனர். ஐரோப்பாவின் சட்டமும் ஏறக்குறைய அவ்வாறே அமைந்திருக்கிறது. மாப்பிள்ளை அனுப்பிய தாள்களை அகராதியை வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் படித்துத்தான் இதைத் தெளிந்தோம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டில் பிறப்பித்த 38ஆம் எண் ஆணை இதற்கு ஆதாரம். ஒன்றியத்தின் குடிமகன் தன் நாடல்லாத வேறோர் உறுப்பு நாட்டில் மூன்று மாதத்திற்கு மேல் வசிப்பதாயின், அங்கே கூலிக்கோ சொந்தமாகவோ தொழில் செய்ய வேண்டும். அன்றேல் மாணவராகவோ, பிறர் உதவியின்றி வாழப் போதிய பொருளும் மருத்துவக் காப்பீடும் உடையவராகவோ இருக்க வேண்டும். அவருக்கு அவ்வுரிமை உண்டானால், எந்நாட்டவளாயினும் மனைவிக்கும் அது உண்டு. ஆகவே வேலையை மெய்ப்பிக்க வேண்டியவர் கணவரே. மனைவி காட்ட வேண்டுவன பாஸ்போர்ட்டும் திருமணச் சான்றும். திருமணச் சான்றில் நம் வெளியுறவு அமைச்சகத்தின் ‘அப்போஸ்டில்’ முத்திரை இருத்தல் நலம். 2005 முதல் இந்தியா அவ்வொப்பந்தத்தில் சேர்ந்துள்ளது. மாப்பிள்ளை பிரான்சிலேயே இருந்திருந்தால் இந்த ஆணைக்கு அங்கு இடமில்லை. பிரெஞ்சு நாட்டின் சொந்தச் சட்டமே ஆளும்.

இதைக் கேட்டதும் தமக்கையார் தெளிந்தார். ஆனால் உடனே வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. “வாரத்திற்கு 24 மணி நேரம் அடுப்படியில் நிற்பதை அவர்கள் உத்தியோகம் என்று ஒப்புவார்களா?” நியாயமான கேள்வி. அதே நெதர்லாந்தில் இக்கேள்வி முன்னரே எழுந்து, லக்சம்பர்க் நகரத்து ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. லெவின் என்னும் பிரிட்டிஷ் மாது, கணவர் தென்னாப்பிரிக்கர். அம்மாது ஓட்டலில் அறைப் பணிப்பெண்ணாகப் பகுதி நேரம் உழைத்தார். வருமானம் பிழைப்புக்குப் போதாது என்று வசிப்பு அனுமதியை மறுத்தனர். 1982இல் நீதிமன்றம், வேலை மெய்யான வேலையாக இருந்தால் போதும், பகுதி நேரம் என்பது தடையாகாது, பெயரளவிற்குச் செய்யும் அற்ப வேலையே கணக்கில் வாராது என்று தீர்ப்பளித்தது. 1986இல் கெம்ப் என்னும் ஜெர்மானிய இசை ஆசிரியரின் வழக்கு வந்தது. அவர் வாரத்திற்குப் பன்னிரண்டு பாடமே நடத்தி, பற்றாக்குறைக்கு அரசின் உதவித்தொகையும் பெற்றவர். அவரும் தொழிலாளியே என்று அந்நீதிமன்றம் கூறிவிட்டது. ஓட்டலில் படுக்கை விரித்த ஒரு பெண்மணியின் வழக்கு விவேக் நகரில் ஒரு தாயின் வளையலைக் காத்ததே என்று நாம் வியந்தோம்.

பொய்ச் சான்றின் கதி என்ன? மோசடி கண்டால் கொடுத்த உரிமையைப் பறிக்கவும் அதே ஆணை அதிகாரம் அளிக்கிறது. கேட்கப்படாத ஒரு தாளைப் பணங்கொடுத்து வாங்கி, உள்ள உரிமையையும் இழந்திருப்போம்.

இனி, கணவரின் சான்று எளிதில் அமைந்ததா எனில், இல்லை. முதலாளி முதலில் தந்த கடிதத்தில் “இவர் எம்மிடம் வேலை பார்க்கிறார்” என்று ஒரே வரி. சேர்ந்த நாள் இல்லை, வாரத்திற்கு எத்தனை மணி நேரம் என்றில்லை, சம்பளம் இல்லை, கையொப்பமிட்டவர் யாரென்றும் இல்லை. நம் ஆபீசில் இப்படி ஒரு கடிதம் வந்தால் நாமே திருப்பி அனுப்பியிருப்போம். இன்னொரு வினோதம்: சம்பளச் சீட்டில் மாப்பிள்ளையின் பெயர் முன்பின்னாக மாறியிருந்தது. தகப்பனார் பெயர் எது, குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று தமிழன் பெயரைக் கண்டு வெள்ளைக்காரர் திகைப்பது புதிதன்று. பாஸ்போர்ட்டில் உள்ளவாறே திருத்தி எழுத வைத்தோம். வேலை ஒப்பந்தம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அச்சம்பளம் வந்து சேர்ந்ததைக் காட்டும் பாங்குக் கணக்கு ஆகிய மூன்றும் ஒரே தொகையைச் சொல்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மனுவைக் கொடுக்கச் சொன்னோம்.

மனுக் கொடுத்தவுடன் ரசீது தர வேண்டும், ஆறு மாதத்திற்குள் அட்டை வழங்க வேண்டும் என்பது விதி. ஓராண்டுக்கு மேல் உழைத்தவர் தம் குற்றமின்றி வேலை இழந்து, வேலை தேடுவோர் பட்டியலில் பதிந்துகொண்டாலும், நோயுற்றுச் சில காலம் உழைக்க இயலாது போனாலும் தொழிலாளி என்னும் நிலை அற்றுப் போவதில்லை. ஆகவே பழைய சீட்டுகளை எறிதல் கூடாது. சுரிந்தர் சிங் என்னும் நம் நாட்டவர் பிரிட்டிஷ் மாதை மணந்து, இருவரும் 1983 முதல் 1985 வரை ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பினர். அப்படித் தாய்நாடு திரும்பும் குடிமகளின் கணவருக்கும் ஐரோப்பியச் சட்டத்தின் உரிமை உண்டு என்று 1992இல் தீர்ப்பாயிற்று. 2020இல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டது. எனினும் எஞ்சிய 27 நாடுகளில் அத்தீர்ப்பு நிற்கிறது. நம் மாப்பிள்ளை நாளை பிரான்சுக்கே திரும்பினாலும் ராட்டர்டாம் சீட்டுகள் அவருக்குப் பயன்படும்.

ஐந்தாம் மாதம் அட்டை வந்தது. பெண் அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். தமக்கையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார், பின், “இதில் வருஷத்திற்கு எத்தனை செட் தம்பி?” என்று கேட்டார். ஐந்தாண்டு செல்லும் என்றோம்.

திருத்தி எழுதிய முதலாளி கடிதத்தின் நகல் ஒன்று நம் வீட்டில் இருக்கிறது. வேண்டுவோர் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வந்து பார்த்துக்கொள்ளலாம்.