புரப்பல்லர் காட்டிய வழி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தது என் வீட்டில் இருக்கும் ஓவியங்கள், சிற்பங்களைப் பற்றி. ஆனால் நான் அங்கே போய்ச் சேர்ந்தது படகில்தான்.

மெக்கானிக்கல் முடித்ததும், காசிமேட்டு விசைப்படகுகளுக்குப் புரப்பல்லர் பொருத்தும் சிறு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். இறக்கை வேகமாகச் சுழலும்போது அதன் முதுகுப்பக்கம் அழுத்தம் குறைந்து, சூடே இல்லாமல் தண்ணீர் ஆவிக் குமிழாகும். குமிழ்கள் உடைகிற அடியில் வெண்கலமே அம்மை போட்டதுபோல் குழிந்துவிடும். கேவிட்டேஷன் என்று இங்கே இரண்டு மார்க்குக்கு எழுதினேனே, அதை அங்கேதான் விரலால் தொட்டுப் பார்த்தேன். அரிபட்ட இறக்கைகளைப் பழைய உலோகமாகக் கிலோ கணக்கில் போடுவார்கள். எனக்கு மட்டும் மனசே வராது. அவ்வளவு அழகு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஞ்சம்பாக்கத்தில், உண்மையைச் சொன்னால் மழைக்கு ஒதுங்கத்தான், சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குள் நுழைந்தேன். கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966-இல் தொடங்கிய இடம். பாத்திக் துணி விற்ற காசில் நிலம் வாங்கியவர்கள் அவர்கள். ஜானகிராமின் சிற்பத்தில் தகட்டின்மேல் கம்பியையும் பட்டையையும் பற்றவைத்தே கோடு வரைந்திருந்தார். ஒரு மணி நேரம் நகரவில்லை.

அப்புறம் ஓர் இளம் சிற்பியிடம் போனேன். செம்பில் ஒரு மீன். நாற்பதாயிரம் சொன்னார்.

"இதுல எத்தனை கிலோ செம்பு இருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ஏழு கிலோ வரும் சார்" என்றார். பேரம் பேசி இருபத்தெட்டாயிரத்துக்கு முடித்தேன், அதுவும் மூன்று தவணை. "வாஷிங் மெஷின் காசுங்க அது" என்றாள் மனைவி. எனக்கோ, மலிவாக முடித்த பெருமை.

இன்று என்னிடம் பதினோரு படைப்புகள் இருக்கின்றன. பெரும்பாலும் பெயர் தெரியாத இளைஞர்களுடையவை. அந்த மீனுக்குப் பிறகு எதற்கும் பேரம் பேசியதில்லை. ஏனென்றால், இரண்டு வருடம் கழித்து அதே சிற்பியைத் தேடிப் போனபோது பட்டறை பூட்டிக் கிடந்தது. விசாரித்ததில், கேட், கிரில் செய்யும் கடையில் வெல்டராக இருக்கிறார் என்றார்கள். போய்ப் பார்த்தேன். "இன்னொன்னு செஞ்சு தாங்க, நீங்க சொல்ற விலை" என்றேன்.

"இப்ப ஆர்டர் நிறைய இருக்கு சார், அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

திருவான்மியூரில் ஒரு வீட்டு கேட் அவர் செய்தது. தாழ்ப்பாளுக்குக் கீழே, வீட்டுக்காரர் கேட்காமலே, சின்னதாக ஒரு மீன் வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் போனால் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.