கிளினிக் நாளுக்கும் பேர் வேண்டும்

(மட்டக்களப்பு வாவிக்கரைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிபிலிஸ் என்றதும் தலை குனிய வேண்டாம். அது சாபமில்லை, ஒரு கிருமி. சுருள் போன்ற அந்தக் கிருமியை 1905இல் பெர்லினில் ஷவ்டின், ஹொஃப்மன் இருவரும் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே இரத்தப் பரிசோதனையும் வந்தது. ஆய்வுகூடத்தில் அதைத் தொடர்ந்து வளர்க்க 2018இல்தான் வழி பிறந்தது. ஆனாலும் பெனிசிலின் ஊசிக்கு அது இன்றும் சாகிறது.

தாய்க்கு ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். வயிற்றுப் பிள்ளையோ இறந்து போகலாம். கர்ப்பிணிகளின் இரத்தத்தைச் சோதித்து மருந்து கொடுத்ததால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்நோய் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது.

ஒரு நாள் பேர் போகுமென்று கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். மிஸ்ஸி கூப்பிட்டால் கணவரும் போகட்டும். கிளினிக் நாளுக்கும் பேர் கேட்பது சங்கத்தின் வேலை. கேட்போம்!