ஐதராபாத் ஆகாயமும் தென் துருவத்து ஓசோனும்



செகந்திராபாத்திலிருந்து திருமலகிரி தாண்டி அல்வால் போகிற சாலையில் இருக்கிறது லோத்குண்டா. அங்கிருந்து தென் துருவம் ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர். இந்த இரண்டையும் ஒரே பேச்சில் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. தென் துருவத்துக்கு மேலே ஓசோன் மெலிந்துபோனதற்கு அந்த இடம் எந்தப் பாவமும் செய்யவில்லை. அண்டார்டிகாவில் ஊர் கிடையாது, ஆலை கிடையாது. ஓசோனைக் கெடுத்த வாயுக்களில் பெரும்பங்கு பூமியின் வடபாதியில் வெளியானது. அப்படியிருக்க, ஓட்டை ஏன் தெற்குக் கோடியில் விழுந்தது?

அந்த வாயுக்களில் முதன்மையானது குளோரோஃபுளூரோகார்பன், சுருக்கமாக சி.எஃப்.சி. ஃபிரிட்ஜ், ஏசி, நுரைப் பஞ்சு, ஸ்பிரே டப்பா என்று எல்லாவற்றிலும் அது இருந்தது. பற்றி எரியாது, விஷமில்லை, மணமில்லை. இவ்வளவு நல்ல பிள்ளையாக ஒரு ரசாயனம் அதற்கு முன் வந்ததில்லை என்றே தொழிற்சாலைக்காரர்கள் நினைத்தார்கள். ஒரே ஒரு தொல்லை, கசியும். 1960-களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்த ஓர் இளைஞர் செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதன நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டிகளிலிருந்து வாயு ஏன் இப்படிக் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அவர் பெயர் வீரபத்ரன் ராமநாதன். பின்னாளில் அமெரிக்கா போய், 1975-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கார்பன் டை ஆக்சைடைவிட ஒரு மூலக்கூறுக்குச் சுமார் பத்தாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இது என்று அதில் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இந்த வாயு ஓசோனை அழிக்கக்கூடும் என்று எழுதியிருந்தார்கள். செகந்திராபாத்தில் கசிந்ததும் கணக்கில் உண்டு என்பதை நாம் மறக்க வேண்டாம்.

அப்போது பலர் ஒரு கேள்வி கேட்டார்கள், நியாயமான கேள்விதான். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. அது எப்படி முப்பது கிலோமீட்டர் மேலே போகும்? காற்று ஓரிடத்தில் நிற்பதில்லை. வாயுக்களைக் கனம் பார்த்துப் பிரித்து அடுக்கிவைக்கவும் அது விடுவதில்லை. இதற்கு நேரடிச் சாட்சி ஐதராபாத்திலேயே கிடைத்தது. லோத்குண்டாவுக்குக் கிழக்கே, ஈ.சி.ஐ.எல். பக்கம், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் நிலையம் இருக்கிறது. “கருவிப் பெட்டி வானத்திலிருந்து விழுந்தால் பிரிக்காதீர்கள், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்” என்று கிராமத்தாருக்கு அறிவிப்பு வருமே, அது இவர்கள் அனுப்பும் பலூன்களுக்காகத்தான். 1987 மார்ச்சில் அங்கிருந்து ஒரு பெரிய பலூன் கிளம்பியது. ஆமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தாரும் ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரும் சேர்ந்து செய்த வேலை. திரவ நியானால் குளிரவைத்த எஃகுக் குழாய்களில் வெவ்வேறு உயரத்துக் காற்றை உறையவைத்துப் பிடித்து இறக்கினார்கள். அடுக்கு மண்டலத்தில் அந்தக் கனமான வாயு இருந்தது. உயரம் கூடக்கூட அளவு குறைந்தது. காரணம், மேலே போகப்போகச் சூரியனின் கடுமையான புற ஊதாக் கதிர் அதை உடைத்துக் குளோரினைப் பிரித்துவிடுகிறது.

வெப்ப மண்டலத்து ஆகாயத்தில் இதை அளந்ததற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கீழ்க்காற்று அடுக்கு மண்டலத்துக்குள் நுழையும் வாசல் பெரும்பாலும் இங்கேதான். நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் கடும் குளிர் இருக்கிறது என்று 1929-இலேயே ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் பாலக்காடு கல்பாத்தியில் பிறந்த கே.ஆர். ராமநாதன். இவர் வேறு ராமநாதன்; சி.வி. ராமனின் சீடர். ஆமதாபாத் கூடத்தின் முதல் இயக்குநரும், பிறகு சர்வதேச ஓசோன் ஆணையத்தின் தலைவரும் இவரே. அந்தக் குளிர்ந்த எல்லையைத் தாண்டி மெல்ல ஏறும் காற்று இரு துருவங்களை நோக்கி நகர்ந்து, சில ஆண்டுகள் கழித்து அங்கே இறங்குகிறது. ஓசோனும் அப்படித்தான். அதிகம் உற்பத்தியாவது நம் தலைக்கு மேல், போய்ச் சேர்வது துருவப் பக்கம். கொடைக்கானலில் 1950-களிலிருந்து ஓசோனை அளந்துவந்திருக்கிறார்கள். அங்கே எப்போதுமே அளவு சற்றுக் குறைவுதான். அது இயற்கை. அதைப் பார்த்து நமக்கு மேலும் ஓட்டை விழுந்துவிட்டது என்று பயப்படுவது வீண்.

ஆக, குளோரின் இரண்டு துருவத்துக்கும் போகிறது. அங்கே அது சும்மா திரிவதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம், குளோரின் நைட்ரேட் என்ற இரண்டு சேர்மங்களில் அடகில் கிடக்கிறது. அடகில் இருக்கும்வரை ஓசோனுக்கு ஆபத்தில்லை. அதை மீட்டுக் கொடுப்பது குளிர். அண்டார்டிகாவில் குளிர்காலம் வந்தால் மாதக்கணக்கில் சூரியன் எழாது. துருவத்தைச் சுற்றி ஒரு பெருஞ்சுழல் காற்று உண்டாகி, உள்ளே இருக்கும் காற்றை வெளிக்காற்றோடு கலக்கவிடாமல் அடைத்துவிடும். வெப்பநிலை மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே இறங்கும். வறண்ட அந்த உயரத்திலும் நைட்ரிக் அமிலமும் நீரும் உறைந்து மேகங்கள் பிறக்கும். அந்த மேகத் துகள்களின் மேற்பரப்பில் இரண்டு சேர்மங்களும் சந்தித்தால் குளோரின் விடுபடும். நைட்ரஜன் பங்கு பனியிலேயே தங்கிவிடுவதால் மறுபடி அடகு வைக்கவும் ஆளில்லை.

பிறகு ஆகஸ்ட், செப்டம்பரில் சூரியன் எட்டிப் பார்க்கும். ஒளி பட்ட குளோரின் அணு அணுவாகப் பிரிந்து ஓசோனை உடைக்கும். உடைத்தாலும் தான் தீராமல் மீண்டும் கிளம்பும். ஓர் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள்வரை அழிக்க வல்லது. அக்டோபர் தொடக்கத்தில் 14 கிலோமீட்டரிலிருந்து 20 கிலோமீட்டர்வரையான அடுக்கில் ஓசோன் ஏறக்குறையத் துடைத்தெடுத்ததுபோல் ஆகிவிடும். தலைக்கு மேலுள்ள மொத்த ஓசோனையும் தரைமட்டக் காற்றழுத்தத்தில் பரப்பினால் வழக்கமாக 3 மில்லிமீட்டர் இருக்கும். மோசமான ஆண்டுகளில் அங்கே 1 மில்லிமீட்டர்தான் மிஞ்சியது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்த ஓட்டை 2.8 கோடி சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்தது. இந்தியாவைப்போல் எட்டு மடங்குக்கும் அதிகம்.

வடதுருவத்தில் ஏன் இந்த அளவுக்கு நடப்பதில்லை? அங்கே சுற்றிலும் மலைகளும் நிலமும் கடலும் மாறிமாறி இருக்கின்றன. அவை எழுப்பும் காற்றலைகள் அந்தச் சுழலைக் குலைத்துச் சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆனாலும் 2011-இலும் 2020-இலும் சுழல் நீண்ட நாள் குலையாமல் நின்றது. வடக்கிலும் ஓசோன் பெருமளவு கரைந்தது.

இதையெல்லாம் உலகம் கண்டுகொண்ட கதை வேடிக்கையானது. பிரிட்டனைச் சேர்ந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அண்டார்டிகாவில் ஹாலி பே என்ற இடத்தில், ஓசோனை அளக்கும் பழைய டாப்சன் கருவியை வைத்து அளந்து, ஓசோன் குறைந்துவிட்ட செய்தியை 1985 மே மாதம் வெளியிட்டார்கள். நாசாவின் செயற்கைக்கோளும் அந்தக் குறைவைப் பதிவு செய்திருந்தது. இவ்வளவு குறைவாக இருக்க முடியாது என்று சந்தேகத்துக்குரிய எண்களாக மென்பொருள் அவற்றைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தது. அடுத்த ஆண்டு விஞ்ஞானி சூசன் சாலமனின் குழு அண்டார்டிகாவுக்கே போனது. மேகத் துகள் மேற்பரப்பில் நடக்கும் வேலை என்ற அவருடைய விளக்கம்தான் நிலைத்தது. 1987 செப்டம்பர் 16-இல், ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது.

இந்தியா உடனே சேரவில்லை. கெடுத்தது பணக்கார நாடுகள், மாற்றுத் தொழில்நுட்பத்துக்குப் பணம் தரட்டும் என்று கேட்டது. 1990-இல் லண்டனில் அதற்கு நிதியம் அமைந்தது. 1992-இல் இந்தியா சேர்ந்தது. சி.எஃப்.சி. வாயுவை இங்கே நான்கு நிறுவனங்கள் செய்துவந்தன, அவற்றில் ஒன்று நம் மேட்டூரில். ஆஸ்துமா மருந்துக்கான சிறு விலக்கு தவிர 2008-இலேயே உற்பத்தி நின்றது. கேட்டு வாங்கியது சரி, சொன்ன கெடுவுக்கு முன்பே முடித்தது அதைவிடச் சரி என்பேன்.

ஏற்கெனவே மேலே போனது அவ்வளவு சுலபமாகப் போகாது. சி.எஃப்.சி. 12 என்ற வகை காற்றில் சுமார் நூறு ஆண்டு நிற்கும். அண்டார்டிகா ஓசோன் 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது 2022-ஆம் ஆண்டு அறிவியல் மதிப்பீடு.

பழைய ஏசிகளில் இன்னும் ஆர் 22 வாயு இருக்கிறது. சி.எஃப்.சி.யின் கேட்டில் இருபதில் ஒரு பங்குதான் இதற்கு என்றாலும் கேடு கேடுதான். கோடை வந்தால் மெக்கானிக் வருவார், கேஸ் தீர்ந்துவிட்டது, ஏற்ற வேண்டும் என்பார். கேஸ் தானாகத் தீராது, எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைத்த பிறகுதான் ஏற்ற வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். மிச்ச வாயுவை வெளியே திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளவும் சொல்லுங்கள். கூடக் கொஞ்சம் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள்.