காட்டேறிக் கதையும் வாசகர் தீர்ப்பும்

நள்ளிரவிற் கல்லறையினின்றும் எழுந்து வந்து உயிருள்ளோரின் குருதியைக் குடிக்கும் பிணத்தின் கதை, கேட்போரை அச்சுறுத்துதற்கென்றே பிறந்த கதையாகும். அத்தகைய கதையைப் படிக்கும் ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் வாய்விட்டுச் சிரிப்பாராயின், அக்குருதி குடிப்பவனே கதைத் தலைவியின் காதலனாகவும் அமைவானாயின், அந்நூலை எந்த வகையிற் சேர்ப்பது? அச்சக் கதை என்பதா, காதற் கதை என்பதா, நகைச்சுவைக் கதை என்பதா? இவ்வினா இருபத்தோராம் நூற்றாண்டின் வாயிலில் ஐக்கிய அமெரிக்காவின் நூல் வெளியீட்டாளர் பலரை மலைக்க வைத்தது. மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்த ஷார்லேன் ஹரிஸ் என்னும் பெண் எழுத்தாளர், இத்தகைய நாவல் ஒன்றை எழுதி முடித்த பின்னர், அதனை ஏற்பாரைத் தேடி நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. இறுதியில் 2001 ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. அதன் வழிவந்த நாவல்கள் 2013 ஆம் ஆண்டு வரை பதின்மூன்றாகப் பெருகின. அவற்றைப் பற்றி வாசகர் கூறிய கருத்துக்கள் அந்நாவல்களைப் போலவே சுவையுடையன. சில இடங்களில் அவற்றினும் அச்சந் தருவன.

காட்டேறிக் கதை ஆங்கில இலக்கியத்துக்குப் புதியதன்று. 1816 ஆம் ஆண்டிற் கவிஞர் பைரன் ஜெனீவா ஏரிக்கரையிலே தங்கியிருந்தபோது அவருடன் இருந்த மருத்துவர் பொலிடோரி எழுதிய சிறுகதை 1819 இல் அச்சாயிற்று. அது பைரனின் பெயராலேயே முதலில் வெளிவந்தமையால் வாசகரும் அவ்வாறே நம்பினர். அயர்லாந்தினரான பிராம் ஸ்டோக்கர் 1897 இல் வெளியிட்ட டிராக்குலா என்னும் நாவல் இவ்வகைக்கு நிலையான உருவத்தைத் தந்தது. அந்நாவலிற் சிரிப்புக்கு இடம் மிகச் சிறிது. காட்டேறி பகைவன், அவனை அழிப்பதே அறம்.

தமிழ் நேயர்களுக்கோ அச்சமும் நகையும் ஒரு தட்டில் வைக்கப்படுதல் வியப்பளிக்க மாட்டாது. விக்கிரமாதித்தன் தோளிலே தொங்கிக்கொண்டு கதை சொல்லி அவனை வாய் திறக்கச் செய்யும் வேதாளத்தை அறியாத சிறுவர் நம்மிடையே அரியர். அந்த வேதாளக் கதைகளை 1870 இல் ஆங்கிலத்தில் எழுதிய ரிச்சர்ட் பேர்ட்டன் வேதாளத்துக்கு இட்ட ஆங்கிலப் பெயரும் காட்டேறி என்பதே. ஆகவே பேசிச் சிரிக்கவைக்கும் காட்டேறியை ஆங்கில வாசகர் டிராக்குலாவுக்கு முன்னரே கீழ்த்திசையிலிருந்து பெற்றிருந்தனர் எனலாம்.

இனி ஹரிஸின் கதைக்கு வருவோம். லூசியானா மாநிலத்தின் வடபகுதியிலே பொன் தொம் என்னும் கற்பனைச் சிற்றூர். அங்குள்ள மதுச்சாலையில் உணவும் பானமும் பரிமாறுபவள் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் என்னும் இளம்பெண். பிறர் உள்ளத்தில் ஓடும் எண்ணங்கள் அவள் விரும்பாமலே அவள் செவியில் விழுகின்றன. ஜப்பானிய அறிவியலாளர் செயற்கைக் குருதியைக் கண்டுபிடித்து விட்டமையால், காட்டேறிகள் இனி மனிதரைக் கடிக்க வேண்டியதில்லை என்று கூறி மறைவிடங்களை விட்டு வெளிப்பட்டு, சட்டம் தரும் உரிமைகளையும் கேட்கத் தொடங்கி விட்டன. கடைகளிலே போத்தலில் அடைத்த குருதி விற்கப்படுகிறது. இந்நிலையில் ஒருநாள் இரவு மதுச்சாலைக்குள் ஒரு காட்டேறி வந்து அமர்கிறான்.

நகைச்சுவை இவ்விடத்திலேயே தொடங்குகிறது. வந்தவனின் பெயர் பில். நம் ஊரிலே ஒரு பிரமராட்சதன் வந்து தன் பெயர் கந்தையா என்று சொன்னால் எவ்வாறிருக்குமோ, அவ்வாறே அப்பெயர் சூக்கியைச் சிரிக்கச் செய்கிறது. அவளுடைய பாட்டியாரோ அஞ்சுவதற்கு மாறாக, பில் அமெரிக்க உள்நாட்டுப் போரிலே போர்வீரனாய் இருந்தவன் என்பதை அறிந்து, தமது வரலாற்றுக் கழகத்திலே அப்போரைப் பற்றிச் சொற்பொழிவாற்ற அவனை அழைக்கிறார். கண்ணாற் கண்ட சாட்சியை விடச் சிறந்த பேச்சாளர் வேறு யார்? பின்னர் மெம்பிஸ் நகரிலே மறைந்த புகழ்பெற்ற பாடகர் ஒருவரும் காட்டேறியாய் உருமாறிக் கதையில் உலவுகிறார். இன்னார் என்று நூல் பெயர் சொல்லாது. ஆயினும் அமெரிக்க வாசகர் எவருக்கும் அது விளங்கும். மூளை சற்றுக் குழம்பிய அவர் மனிதக் குருதியை விடப் பூனைக் குருதியை விரும்புபவர். ஊரிலுள்ள பூனைகளுக்கே அவரால் ஆபத்து.

இத்தொடரைப் போற்றும் வாசகர் முதலிற் கூறுவது இந்த நகைச்சுவையையே. எனினும் ஆழ்ந்து படித்தோர் வேறொன்றையும் சுட்டுவர். மனிதரின் எண்ணங்கள் ஓயாது காதில் விழுவதால் சூக்கிக்கு மனிதரோடு காதல் செய்தல் இயலாததாய் இருந்தது. தன்னருகில் இருப்பவன் தன்னைப் பற்றி நினைக்கும் சிறுமைகள் யாவும் கேட்குமாயின் எந்தப் பெண்ணால் அன்பு செலுத்த முடியும்? காட்டேறியின் உள்ளமோ அவளுக்குக் கேட்பதில்லை. அங்கே அமைதி நிலவுகிறது. அவள் பில்லை நாடுவது அவன் அழகுக்காக மட்டுமன்று, அந்த அமைதிக்காகவும் ஆகும். இச்சிறு கற்பனை தனிமையுற்ற ஒருத்தியின் துயரத்தை நன்கு காட்டுகிறது என்பது அவர்கள் கருத்து. முதல் நாவலிற் கொலைகளின் மர்மமும் இருப்பதால், துப்பறியும் கதைகளுக்கு வழங்கப்படும் அந்தோனி விருதும் அதற்குக் கிடைத்தது.

குறை கூறுவோரும் வலுவான நியாயங்களை உடையவரே. முதற்குறை, நூல்கள் பெருகப் பெருகக் காட்டேறிகளோடு ஓநாய் மனிதர், உருமாறிகள், சூனியக்காரிகள், வனதேவதைகள் எனக் கூட்டம் பெருகி, சிற்றூரின் எளிமை கெட்டது என்பது. இரண்டாவது, பிந்திய நாவல்களில் வீடு பெருக்குதலும் உடை தெரிதலும் போன்ற அன்றாடச் செய்திகள் நீண்டு கதையின் விரைவைத் தடுத்தன என்பது. மூன்றாவது சிந்தனைக்குரியது. காட்டேறிகள் உரிமை கேட்பதும், அவர்களை வெறுக்கும் ஒரு சமயக் கூட்டம் எழுவதும், ஒடுக்கப்பட்ட சிறுபான்மையினரின் நிலையை நினைவூட்டுகின்றன எனச் சிலர் பாராட்டினர். வேறு சிலரோ, ஒடுக்கப்பட்ட மனிதர் எவரையும் கொல்லாதவர். காட்டேறிகளோ உண்மையிற் பலரைக் கொன்றவர். ஆகவே இவ்வுவமை ஒடுக்கப்பட்டோருக்கே பழி சேர்க்கும் என மறுத்தனர். நகைச்சுவை நூலொன்று இத்தகைய விவாதத்தைத் தோற்றுவித்தது அந்நூலுக்குப் பெருமையே.

ஆனால் வாசகரைப் பெரிதும் பிரித்தது சூக்கி யாரை அடைவாள் என்னும் வினாவாகும். பில்லின் பக்கம் ஒரு சாரார். ஆயிரம் ஆண்டு வாழ்ந்த வைக்கிங் வீரனும் மதுச்சாலை உரிமையாளனுமாகிய எரிக் என்னும் காட்டேறியின் பக்கம் மற்றொரு சாரார். இவரே தொகையில் மிக்கவர் போலும். அவ்வப்போது வேறு சிலரின் பெயர்களும் எழுந்தன. 2008 ஆம் ஆண்டு தொடங்கி 2014 வரை இக்கதை தொலைக்காட்சியில் நாடகமாகவும் வந்தமையால் இவ்வாதம் இல்லந்தோறும் நடந்தது.

2013 ஆம் ஆண்டு மே மாதம் இறுதி நாவல் வெளிவந்தது. அதிலே எரிக் ஒப்பந்தமொன்றினாற் கட்டுண்டு வேற்று மாநிலத்துக் காட்டேறி அரசியிடம் செல்கிறான். சூக்கியோ அவ்விருவரையும் விடுத்து, தான் வேலை செய்யும் மதுச்சாலையின் உரிமையாளனும் நெடுநாள் நண்பனுமான சாம் என்பவனை நாடுகிறாள். பகலில் வெயிலிலே நின்று வேலை செய்யக்கூடிய ஒருவனைத்தான் அவள் தேர்ந்தாள். நூல் கடைக்கு வருமுன்னரே இம்முடிவு கசிந்து பரவியது. நூலைப் படியாத பலரும் அதனைத் தூற்றினர். ஆசிரியருக்கு வசைமொழிகளும் மிரட்டல்களும் வந்தன எனச் செய்தித்தாள்கள் எழுதின. காட்டேறிகளைப் படைத்தவருக்குக் காட்டேறிகளால் தீங்கில்லை. அவற்றைக் காதலித்த வாசகராலேயே தீங்கு நேர்ந்தது. கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்பதை அகரவரிசையிற் சுருக்கிக் கூறும் சிறு நூலொன்றை அவர் அதே ஆண்டில் வெளியிட்டார். அதுவும் பலருக்கு மனநிறைவு தரவில்லை. தொலைக்காட்சி நாடகமோ முகமே காட்டப்படாத ஒருவனைச் சூக்கிக்குக் கணவனாக்கி முடித்தது. அதற்கும் குறை கூறுவோர் இருந்தனர்.

வாசகரின் சினம் எழுத்தாளரை வருத்துவது இதுவே முதன்முறையன்று. கொனன் டொயில் 1893 இல் ஷெர்லொக் ஹோம்ஸ் இறந்தான் என எழுதியபோது இங்கிலாந்தின் வாசகர் பெரிதும் மனம் வருந்தினர், கடிதங்கள் குவிந்தன. பத்தாண்டு கழிந்து, 1903 இல், ஹோம்ஸ் உயிரோடு மீண்டான். வாசகர் வென்றனர். சார்ள்ஸ் டிக்கென்ஸும் 1861 இல் முடிவுற்ற தம் நாவலொன்றின் இறுதிப் பகுதியை நண்பரின் சொற்கேட்டு மாற்றி எழுதினார். அம்மாற்றம் நன்றா தீதா என அறிஞர் இன்றும் வாதிடுவர்.

அவ்வாறாயின் கதை யாருடையது? எழுதியவருடையது என்று ஒரு சொல்லில் முடித்து விடுதல் எளிது. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு கதைமாந்தரோடு வாழ்ந்த வாசகர், அவள் நலத்திற் கவலை கொள்வது இயல்பே. அவளுக்காக வருந்தும் உரிமை அவர்க்கு உண்டு. முடிவு பொருந்தவில்லையெனக் காரணங்காட்டிக் கூறும் உரிமையும் உண்டு. முன்னைய நூல்களிலே எரிக்கின் அன்புக்கு இத்தனை பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்க, சாமின் அன்பு ஏன் இத்துணைச் சுருங்கிற்று எனக் கேட்ட வாசகர் நூலை நன்கு கற்றவர். அவர் வினா ஆசிரியருக்கும் பயன்படும். மிரட்டல் எழுதியவரோ நூலை மறந்து தம் விருப்பத்தை மட்டும் நினைத்தவர்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. இந்நூல்கள் காதற் கதை என எண்ணியவருக்கே முடிவு பெரிதும் கசந்தது. ஒரு சிற்றூர்ப் பெண் தன் வீட்டையும் வேலையையும் காத்துக்கொண்டு, ஒருவர்க்கும் அடிமையாகாது வாழக் கற்றுக்கொண்ட கதை என எண்ணியவர் அதே முடிவைக் குறையின்றி ஏற்றனர். முதல் நூலின் முதற் பக்கங்களை மீண்டும் திறந்து பார்ப்பவர்க்கு, பில் வந்தமரும் அதே மதுச்சாலையில் சாமும் நிற்பது கண்ணிற்படும். பன்னிரண்டு ஆண்டுகள் அவனை யாரும் பொருட்படுத்தவில்லை, சூக்கியும் அவ்வாறே.