ஆராய்ச்சி மணியின் கயிறு

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, நங்கையர்களே!

நூற்பாலைகளின் இரைச்சலுக்கிடையே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட என்னை இந்த மண்டபத்துக்கு அழைத்து, வாழ்க்கையின் தலைவாயிலில் நிற்கும் உங்களோடு பேசும்படி பணித்த பல்கலைக்கழகத்தாருக்கு என் மனமார்ந்த வந்தனம். உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளுக்குள் பிறர் உழைப்பை நடத்தும் பொறுப்பை ஏற்பீர்கள். அதற்கு வேண்டிய கணக்கும் சட்டமும் இயந்திர சாஸ்திரமும் இங்கே சிரத்தையுடன் உங்களுக்குப் போதிக்கப்பட்டிருக்கின்றன. ஆயினும், தமக்குக் கீழே வேலை செய்கிறவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது என்னும் பாடத்துக்கு எந்தச் சர்வகலாசாலையிலும் பரீட்சை வைப்பதில்லை. அதில் தேறாதவர் எத்தனை பட்டங்கள் பெற்றிருந்தாலும் ஒரு தொழில் ஸ்தாபனத்தை நலமாக நடத்தியதை நான் கண்டதில்லை. ஆகையால் அந்த ஒன்றைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

திருவாரூரில் அரசாண்ட மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் ஓர் ஆராய்ச்சி மணி இருந்ததென்றும், தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசு அதை அசைத்து நீதி கேட்டதென்றும் நாம் பாலப் பருவந்தொட்டு அறிவோம். தேரில் சென்றவன் பெற்ற மகனென்றும் பாராமல் தண்டித்த மன்னனின் நெஞ்சுரத்தையே எல்லோரும் வியந்து பேசுவர். என் மனமோ அதற்கு முந்திய சிறு காட்சியிலேயே நின்றுவிடும். வாயில்லாப் பிராணிக்கும் எட்டும் உயரத்தில் அந்தக் கயிறு தொங்கிற்று. மாடுதானே என்று காவலர் அதை விரட்டவில்லை. மன்னன் ஆசனத்தைவிட்டு எழுந்து வந்தான். கயிறு எட்டவேண்டும், அதைத் தொட்டவரை விரட்டலாகாது, உரியவர் எழுந்து வரவேண்டும் என்னும் இம்மூன்றினுள் நல்ல நிர்வாகத்தின் இலக்கணம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

கயிறே இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு நம் சென்னை மாநகரின் சரித்திரமே சாட்சி. பின்னி கம்பெனியாரின் நிர்வாகத்தில் இருந்த பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் உழைத்து வந்தனர். நெடிய வேலை நாளுக்கு நடுவே பகலுணவுக்கென அவர்களுக்கு விடப்பட்டது அரைமணி நேரம். அதற்குள் வெளியே வந்து, கைகால் கழுவி, உண்டு, மீண்டும் இயந்திரத்தின்முன் போய் நிற்கவேண்டும். அவர்கள் முதன்முதல் வேண்டியது இந்த இடைவேளையில் இன்னும் சில நிமிஷங்களும், மேலே இருந்தவர்களிடம் சற்று மரியாதையான நடத்தையுமே. அதைச் சொல்லிக்கொள்ள ஆலைக்குள் ஒரு செவியும் கிடைக்காமற்போகவே, ஆலையின் அருகே வியாபாரம் செய்துவந்த செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்னும் இருவரிடம் தம் மனக்குறையைக் கொட்டினார்கள். அவ்விருவர் முயற்சியால், பொதுவாழ்வில் ஈடுபட்டிருந்த பி. பி. வாடியா பெரம்பூருக்கு வந்தார். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி, அவர் தலைவராகவும் திரு. வி. கலியாணசுந்தரனார் உபதலைவருள் ஒருவராகவும் விளங்கச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று.

அந்தச் சங்கம் பிறந்தது தேசத்துக்கு நன்மையே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கம்பெனியார் வாடியாமீது தொடுத்த வழக்கால் எழுந்த கிளர்ச்சி 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று. ஆனால் இடையில் கதவடைப்புகளும், 1921இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தமும், புளியந்தோப்பில் ஏழைகளுக்குள்ளேயே மூண்ட கலகமும், துப்பாக்கிப் பிரயோகமும் வந்து, பல குடும்பங்கள் சொல்லொணாத துன்பம் அடைந்தன. ஒரு முறையீடு ஆலைக்குள் செவியைக் காணாமல் வெளியே இருந்த கடைவாசலுக்கு நடந்து சென்ற அந்தச் சில அடி தூரத்தை, நிர்வாகத்தில் இறங்கும் நீங்கள் ஒருபோதும் மறவாதிருக்கும்படி வேண்டுகிறேன்.

கயிறு மெய்யாகவே கட்டப்பட்ட இடமும் ஒன்றுண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பிரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் ஒரு மோட்டார் தொழிற்சாலை நடத்தினர். நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் அங்கே தீராப் பகை. ஓடும் வரிசையை எக்காரணத்தாலும் நிறுத்தலாகாது என்பது எழுதாச் சட்டமாதலால், குறையோடு நகர்ந்த வண்டி குறையோடே வெளியேறிற்று. 1982இல் அது மூடப்பட்டது. 1984இல் ஜப்பானிய டொயோட்டா கம்பெனியார் ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தைத் திறந்தபோது, வேலைக்கு எடுக்கப்பட்டவரில் பெரும்பாலோர் அந்தப் பழைய தொழிலாளரே. ஆனால் இப்பொழுது ஒவ்வொருவர் கைக்கும் எட்டும்படி ஒரு கயிறு தொங்கிற்று. குறை கண்டவர் அதை இழுத்தால் விளக்கு எரியும். குழுத்தலைவர் விரைந்து வந்து என்னவென்று கேட்பார். குறை தீராவிட்டால் வரிசை முழுதுமே நிற்கும். உதவாதவர் என்று ஊரார் ஒதுக்கிய அந்த மனிதர்கள் செய்த வண்டிகள், வெகு விரைவிலேயே, ஜப்பானில் செய்யப்பட்டவற்றோடு தரத்தில் ஒப்ப நின்றன. அதைப் பார்த்துத் தம் ஆலையிலும் கயிறு கட்டிய சிலருக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. இழுத்தவரை ஏசும் வழக்கத்தை அவர்கள் கயிற்றோடு சேர்த்தே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வழக்கம் எத்தனை எளிதில் மனிதனைப் பற்றிக்கொள்ளும் என்பதை நான் என்னிடமே கண்டேன். இருபத்தாறாம் வயதில், கொங்கு நாட்டில் ஒரு நூற்பாலையின் இரவு ஷிப்டுக்கு நான் பொறுப்பாளன். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமில், என் தந்தையின் வயதுடைய ஒரு தொழிலாளி, ஒரு பேரிங்கின் சத்தம் வழக்கத்துக்கு மாறாக இருப்பதாக என்னிடம் சொன்னார். உற்பத்திக் கணக்கில் மூழ்கியிருந்த நான், தலைநிமிராமலே, "உன் வேலையைப் பார்" என்றேன். மூன்றாம் இரவு அந்தப் பேரிங் காய்ந்து பொறி பறந்து பஞ்சில் தீப்பிடித்தது. மணல் வாளியோடு முதலில் ஓடியவர் அவரே. தீ அணைவதற்குள் அவர் வலக்கை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் அவரருகே நின்று, சத்தம் அதிகமானதை மறுபடி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என் வேலையப் பாக்கச் சொன்னீங்களே சார், அதைத்தானுங்க பாத்துட்டிருந்தேன்" என்றார். அந்த வார்த்தைகளில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. நான் இட்ட ஆணையை உள்ளபடி நிறைவேற்றியதை அவர் தெரிவித்தார், அவ்வளவே. தீப்பிடித்தது மூன்றாம் இரவானாலும் அதை நான் மூட்டியது முதல் இரவில் என்பதை அன்று உணர்ந்தேன்.

முறையீடு வாராத இடம் குறையில்லாத இடம் என்று எண்ணி ஏமாறாதீர்கள். ஏமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், 1990களில், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைப் பற்றி ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் ஒற்றுமையும் உடைய செவிலியர் குழுக்களில் தவறு குறைவாக இருக்குமென எதிர்பார்த்தார். கணக்கோ அவற்றில்தான் மிகுதி என்று காட்டிற்று. மேலும் ஆராயவே, அந்தக் குழுக்களில் தவறு அஞ்சாமல் சொல்லப்பட்டது, மற்றவற்றில் அச்சத்தால் மறைக்கப்பட்டது என்னும் உண்மை புலனாயிற்று. மயானத்திலும் அமைதி உண்டு. உங்கள் அலுவலகத்தின் அமைதி எந்த ஜாதியைச் சேர்ந்தது என்று நீங்களே விசாரித்து அறியவேண்டும்.

இந்த அச்சத்தை வளர்ப்பதும் போக்குவதும் பெரும்பாலும் சிறு செயல்களே. நான் அந்த முதியவரை 'நீ' என்றேன். அவர் என்னைச் 'சார்' என்றார். நம் மொழியில் ஒரு மனிதனைத் தாழ்த்துவதற்குத் தனியாக வசைச்சொல் வேண்டியதில்லை. வினைமுற்றின் ஈறு ஒன்றே போதும். காவலரையும், தேநீர் கொண்டுவருபவரையும், தரையைத் துடைக்கும் அம்மாளையும் 'நீங்கள்' என்று அழைக்கும் மேலதிகாரியிடமே மற்றவரும் மனம்விட்டுப் பேசத் துணிவர். ஏனெனில் பலமற்றவரிடம் அவர் நடந்துகொள்ளும் முறையைக் கண்டுதான் ஏனையோர் அவரை எடைபோடுகிறார்கள். குற்றத்தைத் தனிமையில் எடுத்துரைத்து, குணத்தைப் பலர் நடுவே பாராட்டுவதும், ஒருவருடைய யோசனையை அவர் பெயராலேயே மேலே சொல்வதும் காசு செலவில்லாத தர்மங்கள்.

ஆயினும், இன்முகத்தோடு கேட்டுவிட்டு ஏதும் செய்யாதிருப்பது கேளாமையினும் கொடிது. மன்னன் எழுந்து வராவிட்டால் மணியினால் பிரயோசனம் என்ன? பிற்காலத்தில் ஜம்ஷெட்பூர் என்று பெயர்பெற்ற சாக்சியில், டாடா இரும்பாலையார், சட்டம் கட்டாயப்படுத்துவதற்கு நெடுநாள் முன்பே, 1912இல் எட்டு மணி நேர வேலையை ஏற்படுத்தினர். 1920இல் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் சேமநிதியும் அளித்தனர். நியாயமான ஊதியம், ஓய்வு, உயிருக்குக் காப்பு என்னும் இவற்றைத் தராமல் கனிவான பேச்சை மட்டும் தரும் நிர்வாகம், பசித்தவனுக்கு இலையைப் போட்டுச் சோறு பரிமாறாமல் உபசாரம் சொல்வதற்கு ஒப்பானது. கேட்டதைச் செய்ய இயலாத சந்தர்ப்பங்களும் வரும். அப்பொழுது இயலாது என்பதையும் அதன் காரணத்தையும் நேரே சொல்லிவிடுங்கள். நேர்மையான மறுப்பைத் தாங்கிக்கொள்ளும் மனிதர், பதிலில்லாத மௌனத்தைத் தாங்கமாட்டார்.

இளைஞர்களே, நங்கையர்களே! நாளை உங்களுக்குத் தனி அறையும், அந்த அறைக்கு ஒரு கதவும் கிடைக்கும். ஒருநாள் அந்தக் கதவருகே ஒருவர் வந்து, உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கி நிற்பார். கையில் ஒரு காகிதம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிச் செல்லவும் முற்படுவார். அந்தத் தயக்கந்தான் ஆராய்ச்சி மணியின் கயிறு அசையும் ஓசை. அதைவிட உரத்து அது ஒலிப்பதில்லை. உங்கள்முன் எத்தனை கணக்குகள் விரிந்து கிடந்தாலும், அப்பொழுது தலைநிமிர்ந்து பாருங்கள், எழுந்து செல்லுங்கள், "சொல்லுங்கள்" என்று அழையுங்கள். நான் தலைநிமிராத ஓர் இரவின் விலையை வேறொருவர் கை செலுத்திற்று. உங்கள் பொருட்டு அத்தகைய விலையை எவரும் செலுத்த நேராதிருக்கட்டும் என்பதே என் பிரார்த்தனை.

நீங்கள் நடத்தும் ஸ்தாபனங்கள் செழிக்க, அவற்றில் உழைப்போர் இல்லங்கள் தழைக்க, நீங்கள் எல்லா நலமும் பெற்று வாழ்வீர்களாக!