காதொழுக்கு: சிறு நோயா, பெரும் இழப்பா?

இரவு முழுவதும் காதைப் பிடித்துக்கொண்டு அழுத குழந்தை, விடியும் வேளையில் அயர்ந்து உறங்கிவிடுகிறது. தலையணையில் சிறிது சீழ் படிந்திருக்கிறது. வலி நின்றதால் நோயும் தீர்ந்தது என்று பெற்றோர் ஆறுதல் கொள்கின்றனர். தாய் வழக்கம்போல் கூலி வேலைக்குச் செல்கிறாள். உண்மையில் நிகழ்ந்தது வேறு. நடுச்செவியில் தேங்கிய சீழின் அழுத்தத்தைத் தாங்க இயலாமல் செவிப்பறை கிழிந்திருக்கிறது. வலி நின்றதற்குக் காரணம் அதுவே. தக்க கவனிப்பு இருந்தால் இத்தகைய கிழிசல்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்ளும். கவனிப்பு இல்லாத காதில் கிழிசல் ஆறாமல் நின்று, ஒவ்வொரு சளிக்கும் ஒவ்வொரு குளத்துக் குளியலுக்கும் மீண்டும் சீழ் வடியத் தொடங்குகிறது.

இந்நோயின் மூலம் பெரும்பாலும் காதில் இல்லை, மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிறது. மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் ஊஸ்டேஷியன் குழாய், குழந்தைகளுக்குக் குட்டையாகவும் ஏறத்தாழக் கிடைமட்டமாகவும் அமைந்துள்ளது. ஆகவே சளியுடன் வரும் கிருமிகள் எளிதில் செவியை எட்டிவிடுகின்றன. அடுப்புப் புகை சூழ்ந்த ஓரறை வீடு, நெருக்கமான படுக்கை, ஊட்டக்குறைவு, குழந்தையை மல்லாக்கக் கிடத்திப் பால் புகட்டும் வழக்கம் ஆகியவை நோய்க்குத் துணை செய்கின்றன. ஏழைக் குடும்பங்களில் இந்நோய் மிகுந்திருப்பதில் வியப்பில்லை.

வீட்டு வைத்தியம் என்ற பெயரில் நிகழ்வது தனிக் கதை. வட மாநிலங்களில் கடுகெண்ணெய், தெற்கே வேறு எண்ணெய், எங்கும் இலைச்சாறு. கிழிந்த செவிப்பறையின் வழியே இவை நேராக நடுச்செவிக்குள் இறங்குகின்றன. கோழியிறகும் தீக்குச்சியும் செய்யும் கேட்டைச் சொல்ல வேண்டியதில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் எப்போதும் தீங்கற்றதன்று. ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை கலந்த சில சொட்டு மருந்துகள், ஓட்டையுள்ள காதில் உட்செவி நரம்பையே தாக்கக்கூடும்.

செய்ய வேண்டியது வியப்பூட்டும் அளவுக்கு எளியது. தூய பஞ்சையோ மெல்லிய பருத்தித் துணியையோ திரியாக உருட்டிக் காதுத் துளையில் வைத்து, நனைந்ததும் எடுத்துவிட்டு உலர்ந்த திரியை வைக்க வேண்டும். திரி நனையாமல் வரும்வரை இதைத் தொடர வேண்டும். நாளொன்றுக்கு மூன்று முறையேனும் இவ்வாறு துடைத்து, அதன் பின்னரே மருத்துவர் எழுதிய சொட்டு மருந்தை இட வேண்டும். சீழ் நிறைந்த காதில் விட்ட மருந்து உள்ளே செல்லாது. அது வீண் செலவு. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சினால் காதை அடைத்துக்கொள்வது நலம்.

14 நாட்கள் என்பது இங்கு ஒரு முக்கிய எல்லை. அதற்குட்பட்ட ஒழுக்குக்கு மருத்துவர் பெரும்பாலும் வாய்வழி மருந்து தருவார்; அதனைக் கடந்தால் நாட்பட்ட நோய் எனக் கொண்டு, உலர்த்துதலும் இரு வாரச் சொட்டு மருந்தும் முதன்மை பெறும். காது உலர்ந்த பின்னும் மூடாத ஓட்டையைக் காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையைக் கொண்டு அறுவை முறையில் அடைக்க இயலும்.

ஒழுக்கு சிறிதளவே எனினும் துர்நாற்றம் வீசினால் காத்திருத்தல் ஆகாது. எலும்பை அரிக்கும் வகையைச் சேர்ந்த நோயாக அது இருக்கலாம். தலைவலி, வாந்தி, தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுதல், காதின் பின்புற வீக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சீழ் மூளையை எட்டினால் உயிருக்கே ஆபத்து.

மூக்கையும் தொண்டையையும் பற்றிச் சில சொற்கள் போதும். சாதாரணச் சளிக்குக் கிருமிக்கொல்லி மருந்து தேவையில்லை. மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் பயன்படுத்தினால் அம்மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும். மூக்கினுள் பொத்தான் வடிவ மின்கலம் சிக்கினால் சில மணி நேரத்திலேயே திசு வெந்துவிடும். சில தொண்டை அழற்சிகள், கவனியாது விட்டால், மூட்டுக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுக்கின்றன. புகையிலைப் பழக்கமுள்ளவரின் குரல் மூன்று வாரங்களுக்கு மேல் கம்மியிருந்தால் அதைச் சளி என்று எண்ணிவிடலாகாது.

மீண்டும் காதுக்கு வருவோம். கணக்கு தவறுவது இங்கேதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கேட்டல் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடாகத் தேசியத் திட்ட ஆவணங்கள் குறிப்பிடும் எண்ணிக்கையோ ஏறத்தாழ 6.3 கோடி. இரண்டும் பொய்யல்ல, முன்னது வீட்டார் சொன்னது, பின்னது செவித்திறன் அளவைச் சார்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் மறைந்திருப்போருள் ஒரு பகுதியினர் காதொழுக்குக் குழந்தைகள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு காதுகளிலும் பேச்சொலி அலைவரிசையில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைவு எனக் கொள்ளப்படும். செவிப்பறையில் ஓட்டையுள்ள குழந்தைக்கு 30, 40 டெசிபல் இழப்பே இருக்கக்கூடும். அக்குழந்தைக்குச் சான்றிதழ் இல்லை, உதவித்தொகை இல்லை, புள்ளிவிவரத்தில் இடமும் இல்லை. கடைசி வரிசையில் அமர்ந்து ஆசிரியரின் சொற்களில் பாதியை இழந்து, மந்தம் என்ற பெயரை மட்டும் பெறுகிறது. சட்டத்தின் எல்லை உதவி வழங்குவதற்காக வகுக்கப்பட்டது. நோய்த் தடுப்புக்கும் அதனையே அளவுகோலாகக் கொள்வது பிழை.

காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2007-இல் 25 மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கி, பின்னர் விரிவடைந்தது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்திலும் நடுச்செவி அழற்சி இடம்பெற்றுள்ளது. மருத்துவருக்குப் பயிற்சியும் கருவியும் வழங்கியாயிற்று. ஆயினும் மாவட்ட மருத்துவமனை 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்குமானால், மருந்து இலவசமாயினும் பேருந்துக் கட்டணமும் இழந்த நாட்கூலியும் தாயின் கணக்கில்தான் ஏறுகின்றன. நான்கு முறை வர வேண்டிய நோயாளி ஒரு முறையோடு நின்றுவிடுவதற்கு அறியாமையைவிட இச்செலவே காரணம்.

ஆகவே இங்குக் கூடியுள்ள அங்கன்வாடி மேற்பார்வையாளர்களும் ஆசிரியர்களும் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டங்கள் வரைந்துகொள்ளலாம்: சீழ் வடியும் குழந்தையின் பெயர், முதலில் கண்ட தேதி, காது உலர்ந்த தேதி. மூன்றாவது கட்டம் 14 நாட்களுக்குப் பின்னும் வெற்றாக இருந்தால், அக்குழந்தையின் வீட்டுக்கு ஆஷா பணியாளர் ஒருமுறை சென்று, திரி உருட்டும் முறையைத் தாய்க்குச் செய்து காட்டி, மருத்துவரிடம் செல்லும் நாளைச் சந்தை நாளோடு பொருத்தித் தர வேண்டும். திரும்பி வந்த பிறகு அந்தக் குழந்தையை முதல் வரிசையில் அமர்த்துவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.